சிக்னல் நன்றாக இருக்கிறது

பிலாக்குழி,
மாரமங்கலம் அஞ்சல், ஏற்காடு.
11-2-2024

அன்புத் தங்கை கீர்த்திகாவுக்கு,

அக்கா மலர் எழுதுவது. சென்னைத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாயே, இப்போது பரவாயில்லையா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமா எப்படி இருக்கிறார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

சேலத்து ஆஸ்பத்திரியில் நீ பார்த்துவிட்டுப் போன பிறகு இன்னும் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தாகிவிட்டது, ஆனால் மறுபடியும் வலி வரலாம், வந்தால் தாமதமே கூடாது, சுமை தூக்குவது, மரம் ஏறுவது எல்லாவற்றையும் இன்றோடு மறந்துவிடச் சொல்லுங்கள் என்றார். "போன் பண்ணினா ஜீப் வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "போனே எடுக்காதுங்க டாக்டர். எங்க ஊரு குழிக்குள்ள இருக்குதுங்க. பேசோணும்னா மாரமங்கலம் பஸ் நிக்கிற எடத்துக்கு நடக்கோணும்ங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

தை மாதம் வலி வந்த அன்று பக்கத்துத் தோட்டத்து லூர்துராஜ் மாரமங்கலத்துக்கு ஓடி ஜீப்புக்குச் சொல்லி, அது வந்து சேர்வதற்குள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அப்படி உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது, கீர்த்தி. சேலத்தில் வீடு பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊட்டை உட்டுட்டு எங்கே போறது? காப்பிச் செடியும் என் கூடவே பஸ் ஏறி வருமா?" என்கிறார். அந்த மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அவர் வராவிட்டால் போன் இங்கே வர வேண்டும். நீ இந்தக் கம்பியில்லா இணையத்தைப் பற்றித்தானே சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறாய்? ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டவர்தான் வேண்டும் என்கிறார் ஒருவர், வானத்தைப் பார்த்துத் தட்டு வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். முன்பு ஒரு காலத்தில் வைமாக்ஸ் என்று சொல்லி அங்கன்வாடியில் ஒரு பெட்டி மாட்டினார்களே, நினைவிருக்கிறதா? இப்போது அதன் மேல் கோழி அடைகாக்கிறது. அது மாதிரி ஆகாமல் ஒன்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
மலர்

*

சென்னை,
25-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பாதே, கண்ணால் பார்.

நீ கேட்டது என் வேலையேதான். வளரும் நாடுகளில் மலைக் கிராமங்களுக்கு எந்தக் கம்பியில்லா இணையம் சரிப்படும் என்று எங்கள் ஆய்வுக்கூடம் ஓர் அறிக்கை தயாரிக்கிறது. அதில் ஒப்பீடு முழுக்க என் பொறுப்பு. ஆனால் அட்டவணையில் "பயனாளி" என்று எழுதும் இடத்தில் மாமாவின் முகம் வந்து நிற்கிறது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

டவர் வந்தால் எல்லார் போனும் அப்படியே எடுக்கும். அதுவும் தாழ்ந்த அலைவரிசையில் கொடுத்தால் சுவர், மரம் எல்லாவற்றையும் தாண்டி வரும். ஆனால் அந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருக்கிற கம்பெனிகளோ ஊரில் எத்தனை வீடு என்று கேட்டதுமே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அரசுத் திட்டப் பட்டியலில் நம் ஊர் பெயர் இருக்கிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

செயற்கைக்கோள் தட்டுக்கு மேலே வானம் தெரிந்தால் போதும், நடுவில் எதுவும் தடுக்காது. கொட்டுகிற மழையில் மட்டும் தடுமாறும். செலவுதான் ஊரால் தாங்கக்கூடியது இல்லை. அனுமதி வாங்குவதும் லேசில்லை.

மூன்றாவது வழி, தூரத்துக்குப் போகும் வைஃபை. உரிமம் வேண்டாம், பொருள் மலிவு, கெட்டுப்போனால் நாமே மாற்றலாம். ஏற்காடு கடைத்தெரு வரை ஃபைபர் வந்துவிட்டது. என் பள்ளித் தோழி ஆசியாவின் அப்பா ரஹமத்துல்லா பாய் கடை மொட்டை மாடியில் ஒரு தட்டு, கரடியூர் மேட்டில் ஒரு கம்பம், நம் அங்கன்வாடியில் ஒரு தட்டு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சாதாரணப் போனிலேயே பேசலாம். ஒரே ஒரு நிபந்தனை, தட்டுகள் ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் ஒன்றும் மறைக்கக் கூடாது.

மே மாதம் நானே வந்து பார்க்கிறேன். வழி தெளிவாக இருந்தால் பிலாக்குழியையே சோதனைக் கிராமமாக வைக்கும்படி டைரக்டரிடம் கேட்கிறேன். அது வரைக்கும் மாமாவைச் சேலத்துக்கு அழைத்துப் போகப் பார், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை,
கீர்த்தி

*

பிலாக்குழி,
14-4-2024

அன்புத் தங்கைக்கு,

சித்திரைக்கனி பார்த்துவிட்டு எழுதுகிறேன். புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நாங்கள் நலம்.

சேலம் பேச்சை எடுத்தாலே உன் மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். நீ மே மாதம் வருகிறாய் என்றதும் ஆளே மாறிவிட்டார். "ஆபீசரம்மா வர்றா, தோட்டம் காடாட்டக் கெடந்தா நமக்குத்தானே கேவலம்" என்று, வழக்கமாக மழைக்குச் சற்று முன் செய்கிற நிழல் மரக் கவாத்தை, கொம்பு கழிக்கிற வேலையை, இப்போதே ஆரம்பித்துவிட்டார். பதறாதே. அவர் மரத்தில் கை வைக்கவில்லை. லூர்துராஜும் இன்னும் இரண்டு ஆட்களும் ஏறி வெட்டுகிறார்கள். இவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுகிறார். அதட்டுவதற்கு டாக்டர் தடை போடவில்லை.

வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. வரும்போது வெயிலில் அலையாமல் குடை எடுத்து வா. ஊரே உன் தட்டைப் பற்றித்தான் பேசுகிறது. அங்கன்வாடி டீச்சர் சாந்தி கோழிக்கு வேறு இடம் பார்த்துவிட்டாள்.

உன் அக்கா,
மலர்

*

சென்னை,
23-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த காப்பித்தூளும் பலாச்சுளையும் ஆபீசில் ஒரே நாளில் காலி. மாமா முகத்தில் பழைய களை வந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

டைரக்டர் சம்மதித்துவிட்டார். கரடியூர் மேட்டில் நின்று நான் எடுத்த படங்களைக் காட்டினேன். அங்கிருந்து நம் தோட்டத்துக்கு மேலாகப் பார்த்தால் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிய போஸ்டர் கூடத் தெரிகிறது. நடுவில் ஓர் இலை மறைப்பும் இல்லை. "இதைவிடத் தெளிவான பாதை எந்த நாட்டிலும் கிடைக்காது" என்றார். ஜூன் மாதம் ஆட்கள் வந்து மாட்டுவார்கள். அக்டோபர் வரைக்கும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் இதே முறையை இருநூறு ஊர்களுக்குப் பரிந்துரை செய்வோம். என் வேலை நிரந்தரமாவதும் இதில்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு அதெல்லாம் இரண்டாவதுதான். மாமாவுக்கு வலி வந்தால் நீ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆசியாவின் தம்பி சமது ஜீப்பை எடுத்துவிடுவான். அவனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இனிமேல் சேலத்துக்குப் போகச் சொல்லித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உன் தங்கை,
கீர்த்தி

*

பிலாக்குழி,
30-6-2024

அன்புத் தங்கைக்கு,

இது அநேகமாக என் கடைசிக் கடிதம். பயப்படாதே, இனிமேல் தபால்காரருக்கு வேலை இல்லை என்று சொல்கிறேன்.

நேற்று உன் முகத்தைப் பார்த்துப் பேசியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ மெலிந்திருக்கிறாய். உன் மாமா பெட்டியில் எரியும் அந்தப் பச்சை விளக்கை ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். "என்ற நெஞ்சு ஓடுதோ இல்லியோ, பொட்டி ஓடுதா பாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் தை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் பக்கத்தில் படுத்து மூச்சை எண்ணாமல் தூங்குகிறேன்.

நன்றாக இரு, சாமி.
உன் அக்கா,
மலர்

*

பிலாக்குழி,
18-8-2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? ஆடி முடிந்தும் மழை விடவில்லை. மிளகுக் கொடி நன்றாக ஏறியிருக்கிறது. தோட்டம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது.

நாலைந்து நாளாகப் பேச முடியவில்லையே என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். சிக்னல் நன்றாக இருக்கிறது. கரண்டுதான் அடிக்கடி போகிறது. மழைக்காலம் என்றால் இங்கே அப்படித்தானே. கவலைப்படாதே. நாளையோ மறுநாளோ வந்துவிடும். வந்தால் நானே கூப்பிடுகிறேன்.

உன் மாமா நலம். சட்டைதான் நாலு கிழிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
மலர்

*

சென்னை,
27-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது எனக்குத் திக்கென்றது. சிக்னல் நன்றாக இருக்கிறது என்கிறாய். அதைத் தபாலில் எழுதுகிறாய். நன்றாக இருந்தால் நீ ஏன் கடிதம் எழுத வேண்டும்?

கோபப்படாமல் பதில் சொல். இங்கே என் திரையில் பிலாக்குழி வரும் கோடு சில நாள் மெலிந்து மெலிந்து அறுந்துவிடுகிறது. மூடுபனி நாட்களில் அதிகம். பிறகு திடீரென்று ஒரு காலை வேளையில் படிப்படியாகத் தெளிந்து பழையபடி ஆகிவிடுகிறது. நாங்கள் இங்கிருந்து எதையும் தொடவில்லை. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "யாரும் கை வைக்காமல் தானே சரியாகிவிடுகிறது பார், ஏழை நாடுகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?" என்கிறார். தானே மீளும் தன்மை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். அறிக்கையின் முதல் பக்கத்தில் அது வரப்போகிறது.

எனக்குத்தான் புரியவில்லை. கரண்ட் போனால் ஒரேயடியாகப் போகும், ஒரேயடியாக வரும். இது அப்படி இல்லை. ஆனால் நீ கரண்ட் என்று சொன்னால் நான் கரண்ட் என்றே எழுதிக்கொள்கிறேன். அங்கே இருப்பவள் நீதானே.

மாமாவுக்கு மூச்சு வாங்குகிறதா? போன தடவை படத்தில் பார்த்தபோது முழங்கையில் சிராய்ப்பு மாதிரித் தெரிந்தது. கேட்கலாம் என்று நினைப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

உன் தங்கை,
கீர்த்தி

*

பிலாக்குழி,
15-9-2024

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக நாள் ஓடிவிட்டது.

எதற்குக் கடிதம் என்று கேட்டாய். பெட்டி இருப்பது அங்கன்வாடியில். நான் பேசப் போனால் சாந்தி டீச்சர், வேலம்மாள், குழந்தைகளைக் கூட்டிப் போக வந்தவர்கள் என்று அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். நான் மூக்கைச் சிந்தினால் அது மாரமங்கலம் வரைக்கும் போய்விடும். அக்கா தங்கைக்குள் பேச ஒரு மறைவு வேண்டாமா? அதற்குத்தான்.

கரண்டுதான், கீர்த்தி. வேறொன்றும் இல்லை. நீ அறிக்கையை எழுது. உன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று உன் மாமா தினமும் சேர்வராயன் இருக்கும் மலைப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறார். "நம்ம ஊட்டுப் புள்ள போட்ட லைனு, நம்ம கண்ணு முன்னால அவமானப்படக் கூடாது" என்கிறார். எனக்குப் பல சமயம் அவரை அதட்ட வேண்டும் போல இருக்கிறது. அதட்டினால் அப்புறம் அவர் சேலத்து அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

சிராய்ப்பு, தோட்டம் என்றால் இருக்கத்தான் செய்யும். மாத்திரையை என் கண் முன்னால்தான் போடுகிறார்.

உன் அக்கா,
மலர்

*

பிலாக்குழி,
5-10-2024

அருமைக் கொழுந்தியாள் கீர்த்திகாவுக்கு மாமா ஐயாக்கண்ணு எழுதிக்கொண்டது.

நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. எழுத்து காப்பிக்கொட்டை உலர்த்தின மாதிரி சிதறித்தான் கிடக்கும், பொறுத்துக்கொள். உடம்பு சௌக்கியம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அக்காளின் ரசம்தான் வரவர உப்பில்லாமல் போகிறது. டாக்டர் சொன்னாராம்.

போன வாரம் போனில் கேட்டாய், பதினாலாம் தேதி கூட்டத்தில் பெரிய ஆட்கள் முன்னால் பிலாக்குழியை நேராகக் காட்டும்போது லைன் போய்விட்டால் என்ன செய்வது மாமா என்று. கேட்கும்போது உன் குரல் நடுங்கியது. நீ பயப்படுகிறாய் என்று தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? உன் அக்காள் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்காத குறை. ரேஷனுக்குப் போகிற சாக்கில் இதைத் தபாலில் போடுகிறேன்.

கண்ணு, லைன் போகாது. போக விட மாட்டேன். ஆடி மாதத்திலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். கவாத்து வெட்டின கொம்பெல்லாம் மழை கண்டதும் தளிர்விட்டு, கரடியூர்க் கம்பத்துக்கும் நம் தட்டுக்கும் நடுவில் நாலு சில்வர் ஓக் மரம் மறைத்துக்கொண்டது. இலை ஈரமானால் உன் சிக்னல் அதைத் தாண்டுவதில்லை. அதனால் விளக்கு மங்கினால் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, மறைக்கிற கொம்பை மட்டும் கழித்துவிட்டு இறங்குகிறேன். சாந்தி டீச்சர் அங்கன்வாடி வாசலில் நின்று "வந்துருச்சுங்க" என்று கத்துவாள். அது காதில் விழும்போது ஒரு சந்தோஷம் பார், சொல்லி மாளாது.

லூர்துராஜை ஏற்றலாமே என்பாய். மழையில் பட்டை பாசி பிடித்து வழுக்குகிறது. என் நெஞ்சுக்காக அவன் கழுத்தை முறித்துக்கொள்ளச் சொல்லவா? அவனுக்குப் பச்சைக் குழந்தை இருக்கிறது. மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது உன் அக்காளிடம். என்னிடம் சொல்லவில்லை.

இறங்கின பிறகு கொஞ்சம் படபடவென்று வரும். உட்கார்ந்தால் சரியாகிவிடும். பதினாலாம் தேதிக்குள் இன்னும் ஒன்றிரண்டு தடவை ஏறி வானத்தைத் துடைத்துவிட்ட மாதிரி ஆக்கிவிடுகிறேன். நீ தைரியமாகப் பேசு.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு

*

சென்னை,
12-10-2024, சனிக்கிழமை

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள். இதை எழுதிப் படமெடுத்து ஆசியாவின் போனுக்கு அனுப்புகிறேன். அவள் தாளில் அச்செடுத்து இன்றைய மாரமங்கலம் பஸ்ஸிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மாமாவின் கடிதம் இன்று காலை வந்தது. படித்ததும் அங்கன்வாடிக்குத்தான் போன் செய்தேன். சாந்தி டீச்சர் எடுத்தார். படம் மங்கலாக, விட்டு விட்டு வந்தது. "மலரக்கா எங்கே?" என்றேன். "தோட்டத்துல இருக்காங்க. உங்க மாமா மரத்து மேல இருக்காருங்க, இப்ப தெளிவாயிரும் பாருங்க" என்றார். அவர் சொல்லச் சொல்லப் படம் தெளிந்தது. முதலில் அவர் முகம், பிறகு பின்னால் இருந்த சுவர், அப்புறம் சுவரில் குழந்தைகள் வரைந்த படம். ஒவ்வொரு கொம்பு விழ விழ எனக்கு இங்கே தெரிகிறது, அக்கா. மூன்று மாதமாக இதைத்தான் நான் திரையில் பார்த்து, தானே சரியாகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் அவரை இறங்கச் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் கத்தினேன். பிறகு ரஹமத்துல்லா பாய்க்குப் போன் செய்து மாடியில் இருக்கும் தட்டின் இணைப்பைப் பிடுங்கிவிடச் சொன்னேன். "ஏம்மா, நல்லாத்தானே ஓடுது?" என்றார். "பிடுங்கிடுங்க பாய், தயவுசெஞ்சு" என்றேன். பிடுங்கிவிட்டார். இனிமேல் மாமா எத்தனை கொம்பு கழித்தாலும் அந்த விளக்கு எரியாது. அவர் ஏறுவதற்குக் காரணமே இருக்கக் கூடாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் கவாத்து முடித்து வைத்திருந்த தோட்டத்தின் மேலாகப் பார்த்துவிட்டு, இலையே இல்லை என்று நான் அளந்து வந்தேன். இத்தனைக்கும் நான் அந்த ஊரில் பிறந்தவள். கழித்த கொம்பைப் பொறுக்கி விறகு கட்டியவள். ஆவணிக்குள் தோட்டம் எப்படி இருட்டிவிடும் என்று எனக்கா தெரியாது? கவாத்து நம் வீட்டில் எப்போதும் நடப்பது, அதனால் கண்ணில் படவே இல்லை. அப்புறம் நீ கரண்ட் என்று எழுதியபோது அது பொய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

திங்கட்கிழமை காலை கூட்டத்தில் உள்ளதைச் சொல்லப் போகிறேன். சொல்லாவிட்டால் இதே ஏற்பாடு இருநூறு ஊர்களுக்குப் போய்விடும். அங்கே யார் யார் மரம் ஏறுவார்களோ. மரம் அடர்ந்த மலைக்கு இந்த வைஃபை ஆகாது, செலவானாலும் செயற்கைக்கோள், இல்லாவிட்டால் தாழ்ந்த அலைவரிசை, இரண்டில் ஒன்றுதான் என்று சொல்வேன். டைரக்டரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். நான் வருவதற்குள் மாமாவை ஏற்காட்டில் ஆசியா வீட்டுக்கு அழைத்துப் போய்விடு. அவர்கள் அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். லைன் இல்லாத ஊரில் அவரை ஒரு நாள் கூட வைக்காதே. எனக்குக் கோபம் இல்லை, பயம்தான். உடம்பெல்லாம் பயமாக இருக்கிறது.

கீர்த்தி

*

சேலம்,
14-10-2024, திங்கட்கிழமை சாயங்காலம்

அன்புத் தங்கைக்கு,

முதலில் இதைப் படி. உன் மாமா உயிரோடு இருக்கிறார். கண் திறந்து பேசினார். இனிமேல் மெதுவாகப் படி.

இந்த ஆஸ்பத்திரியில் சிக்னல் முழுசாக இருக்கிறது. உன் எண்ணை இரண்டு தரம் அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் நானே வெட்டிவிட்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. எழுதினால் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. பக்கத்தில் ஆசியா உட்கார்ந்திருக்கிறாள். படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

சனிக்கிழமை சாந்தி வந்து கத்தினதும் அவர் முனகிக்கொண்டே இறங்கினார். உன் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். "என்ற கையையே கட்டிப்போட்டுட்டா" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கிளம்பலாம் என்றேன். மழை. திங்கட்கிழமை வருகிறேன் என்று சம்மதித்தார். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "புள்ள இன்னிக்கு என்ன பாடு படறாளோ" என்றார். டம்ளரைக் கீழே வைக்கும்போது கை நழுவியது. அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டார்.

லூர்துராஜ் மாரமங்கலத்துக்கு ஓடினான். தை மாதத்தில் ஓடின அதே ஓட்டம். மழையில் பாதை அரித்துப்போய் ஜீப் ஊருக்குள் வர முடியவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். நான் கால்மாட்டில் பிடித்திருந்தேன். வழியெல்லாம் உன் மேல்தான் ஆத்திரமாக வந்தது, கீர்த்தி. மறைக்க மாட்டேன். அந்தத் தட்டைப் பிடுங்காமல் விட்டிருந்தால் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே, சமது முன்னாலேயே கிளம்பியிருப்பானே என்று வாய்விட்டுச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

இங்கே வந்து அவரை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் வெளியே வந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம், இதயத்தில் ஒரு பக்கம் இனிமேல் பழையபடி வேலை செய்யாது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார். அப்புறம் கேட்டார், "வலி வந்தப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்?" என்று. "உக்காந்து கஞ்சி குடிச்சிட்டு இருந்தாருங்க" என்றேன். "நல்ல வேளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்று பதினாலாம் தேதி. காலையில் ஒரே மூடுபனி. லைன் இருந்திருந்தால், உன் கூட்டத்துக்காக விடிந்ததும் அவர் மரத்தில் ஏறியிருப்பார். அந்த வலி அவருக்கு அந்த உயரத்தில் வந்திருக்கும். நீ பிடுங்கினதால்தான் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆசியா, டாக்டர் என்னவோ சொல்லிவிட்டார் என்று பயந்துபோனாள்.

ஆடி மாதமே நான் உனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அவர் ஏறும்போதெல்லாம் கீழே நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நான் பிடித்தால் விழமாட்டார் என்கிற மாதிரி. இறங்கியதும் வந்து உனக்கு, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கீர்த்திக்கு வேலை போயிருச்சா?" என்பதுதான். ஒன்றும் ஆகியிருக்காதுங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அவ வந்து சொல்லுவாளுங்க" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நேராக இங்கே வா. எதுவாக இருந்தாலும் அவரிடம் உள்ளதைச் சொல். தாங்கிக்கொள்வார்.

உன் அக்கா,
மலர்